வந்த பூஞ்சையும் வராத பூஞ்சையும்

ஜகார்த்தா நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பேராசிரியர் ஒருவரை அதிகாரிகள் தேடி வந்து அழைத்துச் செல்கிறார்கள். அவர் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சையியல் கற்பிப்பவர். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எறும்புகளைப் பீடிக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை அது என்பதை அவர் உடனே அடையாளம் காண்கிறார். ஆனால் மனித உடலிலிருந்து எடுத்த மாதிரிக்கு ஏற்றும் சாயத்தை இதற்கு ஏன் ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார். மனித உடலிலிருந்து எடுத்தோம், அதனால்தான் என்று பதில் வருகிறது. மனிதரைப் பீடிக்கும் பூஞ்சையால் உலகம் அழிவதைச் சொல்லும் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் இரண்டாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது. 2023 ஜனவரியில் வெளிவந்த அந்த அத்தியாயத்தை அண்மையில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவுடன் அமர்ந்து மறுபடியும் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பிடிபடாத சில செய்திகள் இந்த முறை அம்மாவால் பிடிபட்டன; இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகள் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களிலேயே தொடங்கும். இந்தத் தொடரும் அங்கேதான் நடக்கிறது. ஆயினும் நோயின் ஊற்றுக்கண்ணைத் தேடி 2003 செப்டம்பர் மாதத்து ஜகார்த்தாவுக்கு ஒரு பத்து நிமிடம் வந்து போகிறது. அந்தப் பத்து நிமிட உரையாடல் முழுவதும் இந்தோனேசிய மொழியில் அமைந்திருப்பதால், மலாய் பேசிப் பழகிய நமக்கு அடியில் ஓடும் எழுத்துகள் தேவைப்படவில்லை. ராத்னா என்னும் அந்தப் பேராசிரியரை எல்லாரும் ‘ஈபு’ என்று விளிக்கிறார்கள். நம் ஊர்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இன்று குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளர்கள், கடையில் வயதான பெண்களை அழைப்பதும் அதே சொல்லால்தான். அந்த மூத்த பெண்ணாக நடித்திருப்பவர் இந்தோனேசியாவின் புகழ்பெற்ற நடிகை கிறிஸ்தின் ஹக்கிம். பயத்தைக் கத்திக் காட்டாமல், தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும் விரல்களின் நடுக்கத்தில் காட்டிய அவருடைய நடிப்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அடுத்து அவரைப் பிணவறைக்கு அழைத்துச் செல்கிறார்கள். மேசையில் ஒரு பெண்ணின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. காலில் மனிதப் பற்கள் பதிந்த கடிகாயம். பேராசிரியர் அந்த உடலின் வாயைத் திறந்து உள்ளே பார்க்கும்போது, வெண்ணிற இழைகள் கொத்தாக நெளிகின்றன. அந்த இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா திருப்பவில்லை. திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “வெள்ள வேரு மாதிரில்ல இருக்கு” என்றார்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர்; அதாவது, ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரவரிசையான நிரைக்குப் போய், வெயில் ஏறியபின் காண்டாவாளியில் பால் சுமந்து வந்தவர். அவர் சொன்ன வெள்ளை வேர் நோய், ரிஜிடோபோரஸ் என்ற பூஞ்சையால் வருவது. காடழித்த இடத்திலோ பழைய மரம் சாய்த்த இடத்திலோ மண்ணுக்குள் மிஞ்சிய கட்டைகளில் அது தங்கியிருக்கும். அங்கிருந்து புதுக் கன்றின் வேரைத் தொட்டு, தட்டையான வெள்ளை நூல்களாக வேரின் மேல் படர்ந்து, பிறகு உள்ளே இறங்கி மரத்தை அழுக வைக்கும். இலை மஞ்சளாகும் நாளில் வேரில் பெரும்பகுதி போயிருக்கும் என்பதால், மேலே பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. அதனால் சந்தேகப்பட்ட மரத்தின் அடியைச் சுற்றிச் சருகும் புல்லும் குவித்து ஈரமாக மூடி வைப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதை விலக்கினால், நோய் இருக்கும் மரத்தின் கழுத்தில் வெள்ளை நூல் ஏறி வந்திருக்கும். சருகை விலக்கும் வேலையை அம்மா பலமுறை செய்திருக்கிறார். அந்த நூல் பட்டையோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது என்றும், காளான் வாசம் அடிக்கும் என்றும் சொன்னார். ஜகார்த்தாவின் பேராசிரியர் திரையில் செய்ததும் அதே வேலைதான்: மூடியிருப்பதை விலக்கி நூலைப் பார்ப்பது.

கதையில் எது உண்மை, எது கற்பனை என்று இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். எறும்பைப் பற்றிய பகுதி உண்மை. ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) எறும்பின் உடலில் ஒட்டி உள்ளே நுழைந்து வளர்கிறது. நோயுற்ற எறும்பு கூட்டத்தை விட்டு விலகிச் செடியில் ஏறி, ஓர் இலையின் நரம்பைக் கவ்விக் கடித்தபடியே உயிரை விடுகிறது; பிறகு அதன் தலையிலிருந்து பூஞ்சையின் தண்டு முளைத்து, கீழே நடமாடும் எறும்புகளின் மேல் வித்துகளைச் சொரிகிறது. இந்தப் பூஞ்சை எறும்பின் மூளையைப் பிடித்துக்கொள்கிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அது மூளைக்குள் நுழையாமல் தசைநார்களைச் சுற்றி வலைபோலப் பின்னிக்கொள்கிறது என்று காட்டியது. கைகால் தன் வசத்தில் இல்லாமல் போகும் அந்த நிலை, மூளை பறிபோவதைவிடக் கொடியதாக எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனியில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைமையான இலைப் புதைபடிவம் ஒன்றில் இந்தக் கடித்தடங்களே பதிந்திருக்கின்றன.

இதற்கு உறவுள்ள ஒரு பூஞ்சையை நம் தோட்டங்களில் வேண்டுமென்றே தூவுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. செம்பனையின் குருத்தைத் துளைத்துத் தின்னும் காண்டாமிருக வண்டு, சாய்த்துப் போட்ட பழைய மரங்களின் மக்கிய தண்டில் முட்டையிடுகிறது. அங்கே வளரும் புழுக்களைக் கொல்ல மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைப் பயன்படுத்துகிறார்கள். மறுநடவு செய்த ஒரு நிலத்தில், மக்கிய தண்டைக் காலால் புரட்டியபோது அப்படி இறந்த புழு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் பருமனில், சுண்ணாம்புக் கட்டிபோல விறைத்துக் கிடந்தது. அதன் மேல் பச்சைப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டபோது பொடி மட்டும் ஒட்டிக்கொண்டது; உடல் நெகிழவே இல்லை. அந்தப் பச்சைப் பொடி அத்தனையும் வித்துகள்.

ஆனால் புழுவிலிருந்தும் எறும்பிலிருந்தும் மனிதனுக்குத் தாவுவது எளிய காரியமன்று. கண்ணாடித் தகட்டைப் பார்த்தவுடன் பேராசிரியர், மனிதனுக்குள் இது வாழ முடியாது என்று சொல்வது அறிவியல்படி சரியான பேச்சு. எறும்பைப் பீடிக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் குறிப்பிட்ட எறும்பு இனத்தோடு பிணைந்தவை. பக்கத்து இன எறும்பையே ஆட்டுவிக்கத் திணறுபவை. அதற்கும் மேலாக, நம் உடலின் 37 பாகை வெப்பம் ஓர் அரண். பூஞ்சைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் வளர முடியாதவை. தவளைக்கும் பயிருக்கும் பூச்சிக்கும் பூஞ்சை நோய்கள் ஏராளமாக இருந்தும், மனிதனைக் கொல்பவை குறைவாக இருப்பதற்கு இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம் என்று பூஞ்சையியலார் கருதுகிறார்கள். பூமி சூடேறினால் பூஞ்சைகளும் சூட்டுக்குப் பழகிக்கொள்ளுமே என்பதுதான் தொடரின் முதல் அத்தியாயத்தில் 1968ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் பேட்டியாக வரும் காட்சி எழுப்பும் கேள்வி. அதை வெறும் கதையென்று ஒதுக்க முடியாது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கண்டங்களில் மருந்துக்கு அடங்காமல் தலைகாட்டியது. புவி வெப்பம் அதற்கு வழிவிட்டிருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். தொடர் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2022 அக்டோபரில், உலகச் சுகாதார நிறுவனம் வரலாற்றில் முதன்முறையாக 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டபோது, அதன் மிக உயர்ந்த பிரிவில் இதையும் சேர்த்திருந்தது. 2021இல் கொரோனாவோடு சேர்ந்து இந்தியாவைத் தாக்கிய கரும்பூஞ்சையை அங்கே உறவினர்கள் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனை இருந்தும், கதையில் மிக உண்மையான பகுதி மனித உடலைப் பற்றியது என்று நான் நினைக்கவில்லை. ராணுவத் தளபதி பேராசிரியரிடம், இறந்த பெண் மாவும் தானியமும் அரைக்கும் ஓர் ஆலையில் வேலை செய்தவர் என்கிறார். அவர் அதைக் கேட்டதும், பூஞ்சை வளர்வதற்கு அதைவிட நல்ல இடமில்லை என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார். இந்தத் தொடருக்கு மூலமான, 2013இல் வந்த காணொளி விளையாட்டில் நோய் காற்றில் மிதக்கும் வித்துகளாலும் பரவும். தொடரை எடுத்தவர்கள் அதை நீக்கிவிட்டு, மாவின் வழியாகத் தொடங்கி இழைகளின் வழியாகப் பரவுவதாக அமைத்தார்கள். முதல் அத்தியாயத்தில் நாயகனின் வீட்டில் அப்பமாவு தீர்ந்திருப்பதும், அவன் கேக் வாங்க மறப்பதும் அவர்களைக் காப்பாற்றிய மறதிகள் என்று பிறகுதான் நமக்கு உறைக்கிறது.

மாவில் வந்த பூஞ்சை பேராக் மாநிலத்துக்குப் புதிதன்று. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாக் காலத்தில், இந்த மாநிலத்தில் 13 சீனக் குழந்தைகள் ஈரல் செயலிழந்து இறந்தனர். அவர்கள் சாப்பிட்ட அரிசிமாவு மீயை (நூடுல்ஸை) சுட்டிய ஆய்வாளர்கள், தானியத்தில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உமிழும் அஃப்ளாடாக்சின் நச்சை அதற்குக் காரணமாகக் காட்டினர். கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் என்று தமிழ்நாட்டு உழவர்கள் அழைப்பதும், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ரை ரொட்டி தின்றவர்களைக் கைகால் கருகிச் சாகவும் பித்துப் பிடித்து அலறவும் வைத்ததும் எர்காட் என்ற பூஞ்சைக் குடும்பம். அது ஓஃபியோகார்டிசெப்ஸுக்குத் தூரத்துப் பங்காளி. பூஞ்சைக்கு நம் உடலுக்குள் வாழத் தெரிய வேண்டியதில்லை. நம் பயிருக்குள் வாழத் தெரிந்தாலே போதும்.

இந்த இடத்தில்தான் நம் சொந்த வரலாறு குறுக்கிடுகிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில், இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்த சிறு புள்ளிகள் தென்பட்டன. காப்பித் துருநோய் என்ற அந்தப் பூஞ்சை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியை ஏறத்தாழத் துடைத்தெறிந்தது. மலைச்சரிவுகளில் காப்பிக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் தலைமுறைகள் அதன் பிறகு தேயிலைக்கு மாற்றப்பட்டன. பிழைப்பிழந்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து இங்கே காப்பி நட்டுப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்காமல் ரப்பருக்குத் தாவினார்கள். ஒரு பூஞ்சை வந்ததால் எழுதப்பட்ட வரலாறு இது.

மலாயாத் தமிழரின் வரலாறோ ஒரு பூஞ்சை வராததால் எழுதப்பட்டது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் சில ஆயிரம் மட்டும் கண்ணாடிக் குடிலுக்குள் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த முதிய மரம் ஒன்று சுங்கை சிப்புட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில் உள்ள அந்த அரச நகரில் இன்றும் நிற்கிறது. அமேசான் காட்டில் ரப்பரின் பரம எதிரி தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சை. தளிர் இலைகளைக் கருக்கி உதிர்த்து, மறுபடி தளிர்க்கும்போது மறுபடியும் உதிர்த்து, கடைசியில் மரத்தையே பட்டுப்போகச் செய்வது. அது இலையோடு பயணம் செய்யும். விதையோடு எளிதில் வராது. அந்த நோய்க்கு அறிவியலில் ஒரு பெயர்கூட இல்லாத காலத்தில், யாரும் திட்டமிடாமலேயே, மரம் மட்டும் கடல் கடந்து எதிரி கரையிலேயே தங்கிவிட்டது.

அந்த எதிரியின் வலிமையை அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு அறிந்துகொண்டார். 1928இல் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற ஊரையே எழுப்பி, மலாயாவில் நடுவதுபோல நெருக்கமாக ரப்பர் நட்டார். காட்டில் ஒரு ரப்பர் மரத்துக்கும் அடுத்த ரப்பர் மரத்துக்கும் இடையே வேறு மரங்கள் பல நிற்கும்; அந்த இடைவெளிதான் மரத்தின் பாதுகாப்பு. இடைவெளி போனதும் பூஞ்சை இலைக்கு இலை தாவியது. பெல்தெர்ரா என்ற இரண்டாம் தோட்டத்தையும் அது விடவில்லை. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது. உலகின் பெரும் செல்வந்தர் ஒருவரால் ரப்பரின் தாய்மண்ணில் செய்ய முடியாததை இங்கே நிரைநிரையாகச் செய்ய முடிந்ததற்கு, துரைமாரின் திறமையையும் நம் மக்களின் உழைப்பையும் மட்டும் காரணமாகச் சொன்னால் கணக்கு நேராகாது. அந்தப் பூஞ்சை இங்கே வந்திருந்தால் கப்பலேறி வந்த இலட்சக்கணக்கானோருக்கு வெட்டுவதற்கு மரம் இருந்திருக்காது. சுங்கை சிப்புட்டில் நான் பிறந்திருக்கவும் மாட்டேன்.

ஆகவே, “வந்துவிட்டதா?” என்று ஜகார்த்தாவில் அந்தப் பேராசிரியர் முகத்தில் எழுந்த கேள்வி, நம் வட்டாரத்துப் பயிர்க்காப்புத் துறையினர் எழுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும்கூட. 1956இல் தென்கிழக்காசிய, பசிபிக் நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ரப்பரின் இலைக்கருகல் என்ற ஒரு நோய்க்கென்றே தனிப் பிற்சேர்க்கை எழுதப்பட்டது. நம் மரங்களில் பெரும்பாலானவை விக்காம் கொண்டுவந்த அந்தச் சிறு விதைக் கூட்டத்தின் வாரிசுகள் என்பதால், ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தக்கூடும். நோய் எங்கேனும் தென்பட்டால், அந்தப் பகுதியின் மரங்களில் மருந்தடித்து இலைகளை ஒட்டுமொத்தமாக உதிர்த்து அழிப்பது என்பதே நெருக்கடிக்கால நடவடிக்கையின் சாரம். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை என்று சொன்ன பேராசிரியர், என்ன செய்வது என்று தளபதி கேட்டபோது ‘போம்’ என்று ஒரே சொல்லில் விடையளித்து, இந்த நகரத்தையும் இதிலுள்ள எல்லாரையும் குண்டு வீசி அழியுங்கள் என்கிறார். பார்ப்பவர்கள் பதறும் அந்த விடை, தோட்டத்து மொழியில் பழகிப்போன ஒன்றுதான். மனிதர்களுக்கு அதைச் சொல்லும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது.

ரப்பர் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்த நிலங்களில் இந்த மொழி இன்னும் வழக்கில் இருக்கிறது. தென்கிழக்காசியாவின் செம்பனைத் தோட்டங்களுக்குத் தாயாக அமைந்தவை 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கே கன்றுகள். கதை நடக்கும் ஜகார்த்தாவுக்கு அது பக்கத்து ஊர். இன்று அந்த மரங்களைக் கானோடெர்மா பூஞ்சை அடித்தண்டில் அரிக்கிறது. மரத்தின் அடியில் பளபளப்பான செம்பழுப்புக் காளான் தட்டுத் தட்டாக வெளிவரும்போது, உள்தண்டில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே அழுகியிருக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. மரத்தைச் சாய்த்து, அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, சில இடங்களில் சுற்றிலும் அகழி வெட்டி வேர்த்தொடர்பை அறுக்கிறார்கள். ஒவ்வொரு மறுநடவிலும் நோய் முன்னதைவிட இளைய மரங்களிலேயே தலைகாட்டுகிறது. எங்கள் ஊர் எல்லையில் உள்ள ஒரு நிலத்தில் அப்படி வெட்டிய அகழியில் மழைநீர் தேங்கி நிற்பதையும், அதன் நடுவே ஒற்றைக் குழி மட்டும் வெறுமையாக இருப்பதையும் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பார்க்கிறேன்.

அத்தியாயத்தில் இந்தக் காட்சி, பேராசிரியர் தம் குடும்பத்தோடு இருக்க வேண்டும், வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டு அழுவதோடு முடிகிறது. அதன் பிறகு கதை இருபது ஆண்டுகள் தாண்டிப் போஸ்டன் நகருக்குப் போய்விடுகிறது. நான் அந்தப் பேராசிரியரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நினைத்துக்கொண்டிருந்தது வேறு. தளபதியின் பேச்சில் ஒரு வரி வரும்: அந்தப் பெண்ணைக் கடித்தது யாரென்று தெரியவில்லை, ஆலையில் 14 தொழிலாளர்களைக் காணவில்லை. அவர்கள் யார், எங்கே போனார்கள் என்று தொடர் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரையில் போஸ்டன் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா என் பக்கம் திரும்பி, “அந்தப் பதினாலு பேரும் எங்க தங்கியிருந்தாங்க? லயத்துலயா, வெளியவா?” என்று கேட்டார். தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயம் என்றால் ராத்திரிக்குள் நோய் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும் என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தியாயத்தைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை இருவரும் மீண்டும் ஒருமுறை பார்த்தோம். தளபதி எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறார்.